வௌவாலுக்குக் கிடைத்த மரியாதை

தத்துவ வகுப்பில் தன்னுணர்வு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து தொங்குவது வௌவால்தான். வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்று கேட்டு, 1974-இல் தாமஸ் நேகல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் மூளையை முழுக்க அறிந்தாலும், எதிரொலியால் உலகை அறியும் அந்த உயிர் உள்ளுக்குள் உணர்வதை நாம் எட்ட முடியாது என்றார். நல்ல கட்டுரை. ஆனால் எல்லோரும் தாண்டிப் போகிற ஓரிடம் அதில் உண்டு. வௌவாலுக்கு அனுபவம் இருக்கிறதா என்று நேகல் விசாரணை நடத்தவில்லை. இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். மருத்துவச் சான்றிதழ் கேட்கவில்லை.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு, பிறகு அஞ்சல்வழியில் தத்துவம் படித்தவள் நான். மாதவிலக்கின் இரண்டாம் நாள், இடுப்பு விட்டுப்போகிறது என்று சொன்னால் சூப்பர்வைசர் கேட்பார்: "நிஜமாவா, இல்ல டார்கெட்டுக்குப் பயந்தா?"

இந்தக் கேள்விக்குத் தத்துவத்தில் கௌரவமான பெயர் உண்டு: பிறர் மனம் பற்றிய ஐயம். உன் வலி உனக்கு மட்டுமே தெரியும், எனக்குக் கிடைப்பது உன் முகமும் சொல்லும்தான், எப்படி நம்புவது? புத்தகத்தில் இந்த ஐயம் எல்லோர் மீதும் சமமாக விழுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் அப்படி விழுவதில்லை. மேனேஜருக்குத் தலைவலி என்றால் அது தலைவலிதான்.

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சுப் பரவ, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்றது அரசு. அதன்பின் எல்லோரும் வதந்தியைப் பற்றியே பேசினார்கள். வாந்தி எடுத்தவர்கள் பின்னால் போய்விட்டார்கள். 67 பெண்களைப் பிடித்துவைத்து, போனைப் பறித்து, பெற்றோரை அழைத்து மகளை அடக்கிவைக்கச் சொன்னதாக, பிடிபட்டவர்களே ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் கூறினார்கள். காவல்துறை மறுத்தது. ஒரே அறையில் 30 பேர் வரை, தரையில் படுக்கை என்பதும் அவர்கள் சொல்தான். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று டிசம்பர் 29-இல் ஆப்பிள் சொன்னது. அதன்பிறகு அது செய்தியல்ல, உண்மை!

இது அரசியல், தன்னுணர்வின் புதிர் வேறு என்று என்னிடம் ஒரு பேராசிரியர் சொன்னார். மூளை தன் வேலையைச் செய்யும்போது கூடவே உணர்வும் ஏன் இருக்கிறது என்பதுதான் 1995-இல் டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்ட கேள்வி. 30 பேர் படுத்த அறை அதை விடுவிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பவே, "எனக்கு இப்படி இருக்கிறது" என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்திலும் திரையில் புள்ளி தெரிந்ததா என்று கேட்டு, தெரிந்தது என்றால் குறித்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்தான் தரவு. அதே சொல்லை எங்கள் வாயிலிருந்து வந்தால் புகார் என்கிறார்கள். சொல்பவர் யார் என்பதாலேயே சொல்லின் மதிப்பைக் குறைப்பதும் அநீதி என்று மிராண்டா ஃபிரிக்கர் 2007-இல் எழுதினார். தன்னுணர்வுப் பாடத்தில் அவர் பெயர் வருவதில்லை, அறவியல் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

அப்புறம் இந்த 'அந்தரங்கம்'. அனுபவம் அந்தரங்கமானதாம்! கழிவறைக்குப் போன நிமிடத்தைக்கூடக் குறித்துவைக்கும் வேலையிடத்தில், கதவு இல்லாத அலமாரி கொண்ட ஹாஸ்டலில், எங்களுக்கென்று விட்டுவைத்த ஒரே அந்தரங்கப் பொருள் வலிதான் போலிருக்கிறது. அதுவும் அவ்வளவு அந்தரங்கமில்லை. லைனில் பக்கத்தில் நிற்பவளுக்கு முடியவில்லை என்றால் எனக்குத் தெரியும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு அவள் மாறி நிற்பதில் தெரியும். அவள் திருகாணி முடுக்கும் சத்தம் கொஞ்சம் பிந்துவதில் தெரியும். ஐயப்பட நேரமில்லை. அவளுக்கு வரும் பலகைகளில் இரண்டை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். எனக்கு முடியாத நாளில் அவளும் அப்படித்தான். இதைக் கவனித்துவிட்ட சூப்பர்வைசர் அடுத்த வாரமே எங்களை வேறுவேறு லைனில் நிறுத்தினார்.