டீயிலிருந்து பட்டர்

தலைப்பைப் பார்த்துவிட்டு, டீக்கடை பன் பட்டர் ஜாம் பற்றிய கட்டுரை என்று ஆசையாக வந்தவர்கள் மன்னிக்கவும். இது குடிக்கிற டீயும் இல்லை, பன்னில் தடவுகிற பட்டரும் இல்லை. டிஸ்க் கோல்ஃப் விளையாட்டில் முதல் எறி எறிகிற இடத்துக்குப் பெயர் டீ. கூடைக்குப் பக்கத்தில் வந்த பிறகு மெதுவாகப் போடுகிற தட்டுக்குப் பெயர் பட்டர். பக்கத்திலிருந்து போடுவதற்காகச் செய்த அந்தத் தட்டை டீயில் நின்று முழு வேகத்தில் எறியலாமா, எறிவதானால் எதை வாங்குவது என்பதுதான் விஷயம். எறியலாம் என்பது மட்டுமல்ல, புதிதாக ஆட வருகிற எவரும் முதலில் அதைத்தான் எறிய வேண்டும் என்பது என் கட்சி. (பரீட்சை நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று வகுப்புத் தோழர்கள் கேட்க வேண்டாம். தேய்மானக் கணக்கு கீழே வருகிறது :-))

விளையாட்டு தெரியாதவர்களுக்கு நாலு வரி. கோல்ஃப் மாதிரிதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகத் தட்டு. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் தட்டைக் கூடையில் போடுபவர் ஜெயித்தார். தட்டுகள் மூன்று வகை: தூரத்துக்கு டிரைவர், நடுத்தரத்துக்கு மிட்ரேஞ்ச், பக்கத்துக்குப் பட்டர். டிரைவரின் விளிம்பு அகலமாக, ஓரத்தில் கத்தி மாதிரி கூராக இருக்கும். பட்டரின் விளிம்பு குறுகலாக, மொழுக்கென்று, பாத்திர மூடி மாதிரி இருக்கும். இங்கே டொராண்டோவில் ஈ.டி. செட்டன் பூங்காவில் மரங்களுக்கு நடுவே கூடைகள் நட்டு வைத்திருக்கிறார்கள். போய் ஆட ஒரு சென்ட் கட்டணம் கிடையாது.

இலவசம் என்பதால்தான் இந்த வாதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஊரில் பர்ஸைத் திறக்காமல் ஒரு பொழுதுபோக்கு கிடைப்பது அபூர்வம். பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவனுக்கு ஒரு தட்டு, ஒரு பூங்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் வருகிறவர்களில் பலர் சீக்கிரமே நின்றுவிடுகிறார்கள். என்னோடு ஆட வந்த ஒரு தோழன் முதல் நாளே மூன்று டிரைவர்கள் வாங்கினான். மூன்றும் இடப்பக்கப் புதருக்குள்ளேயே போய் விழுந்தன. நாலாவது வாரம், "எனக்குக் கையில பலம் இல்லடா, விட்டுடு" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திவிட்டான். அவன் கையில் ஒரு கோளாறும் இல்லை. தட்டுதான் பொருந்தவில்லை.

ஏன் என்று பார்ப்போம். தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு. இன்னோவா நிறுவனத்தின் முறை இது. மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. முதல் எண்ணான வேகத்தை கார் ஸ்பீடாமீட்டர் மாதிரி படிப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 12 என்று போட்டிருந்தால் அந்தத் தட்டு தானாக வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை. அது ஒழுங்காகப் பறக்க வேண்டுமானால் நீங்கள் அவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்று அர்த்தம். அந்த வேகம் இல்லாவிட்டால் தட்டு சீக்கிரமே தளர்ந்து, வலது கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்ததானால், இடது பக்கம் கொக்கி மாதிரி வளைந்து விழும். பட்டரின் வேகம் 2 அல்லது 3. சாதாரணக் கை எட்டிப் பிடிக்கிற வேகம் அது. அதனால் அது நேராகப் போகிறது. 60 மீட்டர் தூரத்துக் கூடைக்கு 60 மீட்டர் நேராகப் போகிற தட்டு வேண்டுமா, 70 மீட்டர் போய்ப் புதரில் தேட வைக்கிற தட்டு வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

"பட்டரைப் போய் டீயில் எறிவதா, அது குழந்தைகள் ஆட்டம்" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்கலாம். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தது 1975இல். டேவ் டனிபேஸ் விளிம்பைச் சாய்வாகச் சீவிய தட்டை, ஈகிள் என்ற பெயரில், கொண்டு வந்தது 1983இல். நடுவில் இருந்த எட்டு வருஷமும் எல்லோரும் எல்லா எறிகளையும் மொழுக்கை விளிம்புத் தட்டுகளால்தான் எறிந்தார்கள். டிரைவர்தான் பிறகு வந்த விருந்தாளி.

அடுத்த காரணம் இன்னும் முக்கியம். பட்டர் பொய் சொல்லாது. தட்டு பறப்பது அது சுழல்வதால். கையை விட்டுப் போகும்போது தட்டு ஆடாமல், தட்டையாகப் போனால் சுழற்சி முழுவதும் அதை நிலையாக வைத்திருக்கும். மணிக்கட்டைத் திருகினாலோ, விளிம்பைச் சாய்த்து விட்டாலோ தட்டு தள்ளாடும். கடைசியில் இடப்பக்கம் வலுவாகச் சரிகிற டிரைவர் இந்தத் தள்ளாட்டத்தை விழுங்கிவிடும். எப்படி எறிந்தாலும் ஒரே மாதிரி இடப்பக்கம் போய் விழும். எது நல்ல எறி, எது மோசமான எறி என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. பட்டர் அப்படியில்லை. நன்றாக எறிந்தால் கோடு போட்ட மாதிரி போகும். திருகினால் அந்த நிமிஷமே வலப்பக்கம் புரண்டு போய் உங்கள் மானத்தை வாங்கும். நூறு எறி எறிந்தால் நூறு திருத்தங்கள் கிடைக்கின்றன. பயிற்சியாளருக்குக் காசு கொடுக்க முடியாதவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் ஏது?

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது கைவிட்ட பழக்கம் இல்லை. 2021ஆம் ஆண்டு பால் மெக்பெத், டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தோடு பத்து வருஷத்துக்குப் பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே வருஷம் உட்டா மாநிலம் ஆக்டனில் நடந்த உலகப் போட்டியில், கடைசிக் கூடையில் அவர் ஒரு எறி முன்னால். எதிரே ஜேம்ஸ் கான்ராட். முதல் எறி முடிந்து, கூடைக்கு இன்னும் 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டர். உள்ளே போட்டால்தான் பிழைப்பு. அவர் எறிந்தது ஆக்சியம் நிறுவனத்தின் என்வி என்கிற பட்டர். நேராகச் சங்கிலியில் போய் விழுந்தது. பிறகு சமன் முறிக்கும் ஆட்டத்தில் பட்டமும் அவருக்குத்தான். அது டீயிலிருந்து எறிந்ததல்ல, நடுவழியில் எறிந்தது. ஆனால் 75 மீட்டர் தூரத்தில் குறி தப்பக் கூடாது என்கிறபோது உலகத் தரத்து ஆட்டக்காரரின் கை எந்தத் தட்டைத் தேடிப் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

சரி, எதை வாங்குவது?

1. கூடையில் போடுகிற பட்டர் வேறு, எறிகிற பட்டர் வேறாக இருக்கட்டும். டீயிலிருந்து எறியும் தட்டு மரத்தில் மோதும், கல்லில் உரசும். விளிம்பில் காயம் பட்டால் பறக்கும் விதமே மாறும். வலப்பக்கம் புரளும் குணம் கூடும். கூடைக்குப் போடுகிற தட்டு என்றைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு வாங்குவது நல்ல யோசனை. கை ஒரே பிடியைப் பழகிக்கொள்ளும்.

2. நேராகப் போவதை முதலில் வாங்குங்கள். இன்னோவாவின் ஏவியார் (2, 3, 0, 1), டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் (2, 4, 0, 1) இந்த ரகம். மூன்றாவது எண் பூஜ்யம், நான்காவது 1. கடைசியில் லேசாக மட்டும் இடப்பக்கம் சாயும். முதல் எறி பட்டராக டிஸ்க்ராஃப்டின் ஸோன் (4, 3, 0, 3) வாங்கு என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸோன் அருமையான தட்டு, எதிர்காற்றில் அசையாது. ஆனால் அந்த 3 என்கிற சரிவு, டிரைவர் செய்த அதே வேலையைச் செய்யும், அதாவது உங்கள் தப்பை மூடி மறைக்கும். அது இரண்டாவதாக வாங்க வேண்டியது. காஸ்டாபிளாஸ்டின் பெர்க் (1, 1, 0, 2) மிதக்கவே மிதக்காது. அளந்த தூரத்தில் சொத்தென்று விழுவதற்குத்தான் அது, டீக்கு அல்ல.

3. எண்களை வேதவாக்காக எடுக்காதீர்கள். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் தட்டின் விட்டம், எடை, விளிம்பு இவற்றைத்தான் அளந்து அங்கீகரிக்கிறது. பறக்கும் எண்களை அச்சடிப்பது விற்கிற நிறுவனமே. இரண்டு நிறுவனங்களின் 2, 3, 0, 1 ஒரே மாதிரி பறக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கி எறிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

4. எடை. விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரைதான் அனுமதி. 21.2 சென்டிமீட்டர் பட்டருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 176 கிராம். டீக்கு 170க்கு மேல் எடுங்கள். எடை குறைந்ததைக் காற்று காகிதம் மாதிரி தூக்கிக்கொண்டு போகும்.

5. பிடி. சில பட்டர்களின் விளிம்புக்கு அடியில் மெல்லிய வளையம் மாதிரி ஒரு மேடு இருக்கும், மணி என்பார்கள். சிலருக்கு அது விரலில் பிடிமானம், சிலருக்கு உறுத்தல். இதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்.

இப்போது வாக்களித்த தேய்மானம். மலிவு பிளாஸ்டிக், விலை கூடிய பிளாஸ்டிக் என்று ஒரே மாடல் இரண்டு விதமாக வருகிறது. மலிவு சுமார் 13 டாலர், மற்றது சுமார் 24 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மரங்கள் அடர்ந்த மைதானத்தில் மலிவுத் தட்டு ஒரு சீசனில் அடிபட்டுக் குணம் மாறிவிடும். விலை கூடியது மூன்று சீசனாவது தாங்கும். நேர்க்கோட்டு முறையில் போட்டால் ஒன்றுக்கு வருஷம் 13, மற்றதற்கு வருஷம் 8. ஆக, டீயிலிருந்து எறிய விலை கூடியதே மலிவு. கூடையில் போடுவதற்கு நேர்மாறாக மலிவு பிளாஸ்டிக்தான் நல்லது. அது கையில் ஒட்டும், அடியும் அதிகம் படாது. இன்னொன்று, அடிபட்ட மலிவுத் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வலப்பக்கம் வளைந்து போக வேண்டிய வழிக்கு அதுவே தோதான தட்டாகிவிடும். பாடப் புத்தகத்தில் எஞ்சிய மதிப்பு என்று படித்தோமே, அது இதுதான்.

"அப்படியானால் டிரைவரே வேண்டாமா?" வேண்டும். மரமே இல்லாத 120 மீட்டர் வெட்டவெளியில் பட்டரோடு நிற்பது வீம்பு. எதிர்காற்று பலமாக அடித்தால், தட்டுக்கு அது கூடுதல் வேகத்தில் எறிந்த மாதிரி. நேர்ப் பட்டர் வலப்பக்கம் புரண்டுவிடும். அந்த இடங்களில் பட்டரைப் பையில் வையுங்கள். நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும்தான். பட்டரை 60 மீட்டர் நேராக எறியத் தெரிந்தவனுக்கு டிரைவர் தூரத்தைக் கூட்டிக் கொடுக்கும். தெரியாதவனுக்கு அது புதரைத்தான் காட்டும்.

ஆகவே புதிதாக வருகிற நண்பர்களுக்கு என் சிபாரிசு: ஏவியாரோ ஜட்ஜோ, அந்தக் குணமுள்ள வேறெதுவோ, 170 கிராமுக்கு மேல், விலை கூடிய பிளாஸ்டிக்கில் ஒன்று. கூடைக்கு அதே மாடலில் மலிவாக ஒன்று. மொத்தம் 40 டாலருக்குள் முடிந்துவிடும். ஒரு கோடைக்காலம் முழுவதும் இந்த இரண்டை மட்டும் எறியுங்கள். அதற்குப் பிறகும் கையில் பலமில்லை என்று தோன்றினால் நின்றுவிடுங்கள், நான் தடுக்கமாட்டேன். தோன்றாது என்பது என் நம்பிக்கை.

பி.கு.: மேலே சொன்ன எட் ஹெட்ரிக் 2002இல் காலமானார். அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். தட்டுப் பைத்தியம் என்று என்னைச் சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கவும். :-)