சாஸ்தா கோயில் வரி நோட்டில் என் மகன் பெயர்

நம் குலதெய்வக் கோயில் வரிதாரர்களுக்கும் பங்காளி வீட்டுப் பெரியவர்களுக்கும், கடையத்திலிருந்து உங்கள் வீட்டு மருமகள் வணக்கத்துடன் எழுதுவது.

போன பங்குனி உத்திரத்தன்று நம் சாஸ்தா கோயிலில் என் மகனுக்கு முடி இறக்க விடவில்லை. வரி நோட்டில் அவன் பெயரையும் ஏற்றவில்லை. “பிள்ளைய வளக்கதுக்கு யாரு வேண்டாங்கா? சாமி காரியத்துக்குள்ள மட்டும் கொண்டாராதீய” என்று மைனியிடம் சொல்லி அனுப்பினீர்கள். அப்போது என் அண்ணன் தாய்மாமன் முறைக்குப் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பிள்ளையின் தலையை நனைத்தாகிவிட்டது. கத்தியை எடுத்தவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்.

என் வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறார். அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடுமாம். அது அன்றைக்கே கெட்டுவிட்டது என்பதுதான் என் எண்ணம். ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் தனித்தனியாக நின்று முறையிட எனக்கு மனமில்லை. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நம் வழக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ காட்டோரத்திலோ இருப்பார். பங்குனி உத்திரத்தன்று மும்பைக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்களெல்லாம் வந்து சேர்வார்கள். சாஸ்தாவுக்குப் பொங்கல், கூட நிற்கும் பேச்சியம்மனுக்கும் சுடலைக்கும் அவரவர்க்கு உரிய படையல். அந்தச் செலவுக்குத் தலைக்கட்டு வரி. நம் கோயிலில் ஆண்பிள்ளைக்கு முதல் முடி இறக்கும் வருஷம் நோட்டில் பெயர் ஏறும். பெண்பிள்ளைகள் பெயர் ஏறுவதே இல்லை. அது தனி வழக்கு, அதையும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். நோட்டில் பெயர் இல்லாதவனுக்குக் கோயிலில் விபூதி கிடைக்கும், முறை கிடைக்காது. அவன் விருந்தாளி. என் மகனை அவன் சாமி முன்னால் விருந்தாளியாக்கி வைத்திருக்கிறீர்கள்.

அவன் வீடு வந்து சேர்ந்த கதை உங்களில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. சஷ்டி விரதம், தோரணமலை ஏற்றம், ராமேசுவரத் தீர்த்தம், திருநெல்வேலி ஆஸ்பத்திரி என்று எதையும் விடவில்லை. பிறகு தத்தெடுப்பது என்று முடிவு செய்தோம். அப்போது உங்களில் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்: “எதுக்கு இத்தன பேப்பரு? ஏதாவது ஆஸ்பத்திரில சொல்லி வச்சா, பொறந்த அன்னைக்கே துணில சுத்திக் குடுத்துருவாவ. நம்ம ஆளுகளாப் பாத்தும் வாங்கலாம்.” 2019ல் ராசிபுரத்தில் வெளிவந்த விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண் குழந்தைகளுக்கு விலை பேசிய ஒலிப்பதிவைத் தமிழ்நாடே கேட்டது. பிள்ளையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். சிறைக்குப் பயந்து மட்டும் நாங்கள் மறுக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய பிள்ளையைச் சாமி முன்னால் எப்படிக் கிடத்துவது?

முறைப்படி டெல்லியிலுள்ள காரா என்ற தத்தெடுப்பு அமைப்பின் இணையதளத்தில் பதிந்தோம். ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த மாநிலம் என்று விருப்பம் சொல்லலாம். சாதி கேட்க அங்கே இடம் கிடையாது. காத்திருப்பு வருஷக்கணக்கில் நீளும்; எங்களுக்கும் நீண்டது. வீட்டாய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் அடுக்களை முதல் பூஜை அறை வரை பார்த்தார். சம்பளம், உடம்பு, எங்களுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வோம் என்பது வரை கேட்டார். கடைசியாக, “தத்தெடுத்த பிள்ளை என்பதை அவனிடம் எப்போது சொல்வீர்கள்?” என்றார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. “சாஸ்தா கதை சொல்லுதப்பவே சொல்லிருவோம்” என்றார். அந்தப் பதிலைச் சொன்ன மனிதரைத்தான் சாஸ்தா கோயிலிலேயே தலைகுனிய வைத்தீர்கள்.

பெற்றவள் குழந்தைகள் நலக் குழு முன்னால் வந்து பிள்ளையை ஒப்படைத்திருக்கிறாள். மனம் மாறித் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் அவளுக்கு 60 நாள் தருகிறது. அவள் வரவில்லை. அதன் பிறகே அவன் தத்துக்கு உரியவன் என்று அறிவித்தார்கள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிவிக்கக் கூடாது என்பது சட்டம், அது நியாயமும்கூட. வெள்ளிதோறும் நித்யகல்யாணி அம்பாள் சந்நிதியில் அவளுக்காகவும் ஒரு விளக்குப் போடுகிறேன். நீங்கள் “எவளோ” என்று சொல்கிறீர்களே, அந்த எவளோவுக்காகத்தான்.

குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த ஆடி மாதம் தத்து மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆடியில் பிள்ளையைக் கொண்டுவருவதா என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. மையத்து ஆயாம்மா அவனை என் மடியில் போட்டுவிட்டு, பாலாடையைச் சாய்க்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார். கன்னத்தின் ஓரமாக வைத்து, அவன் விழுங்கிய பிறகு அடுத்த மடக்கு. “ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அழுகை உண்டும்மா. பசிக்காது. தூக்கி வச்சிருந்தாப் போதும்” என்றார். எடை எழுதிய அட்டை, தடுப்பூசி அட்டை, அவன் பிடித்துக்கொண்டு தூங்கும் பழைய நீலத் துண்டு ஒன்று. அதைத் துவைக்காமல் கொண்டுபோகச் சொன்னார். வாசனை மாறினால் தேடுவானாம்.

கடையம் வந்து சேர்ந்தபோது வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டிய மைனி தலைவலி என்று உள்ளே போய்விட்டார்கள். என் அம்மாதான் ஆரத்தி எடுத்தாள். மூன்று மாதம் தாண்டிய பிள்ளைக்குச் சேனை தொடுவார்களா என்று நான் கேட்டேன். “நம்ம வீட்டுக்கு இன்னைக்குத்தான பொறந்திருக்கான்” என்று சீனித்தண்ணியில் விரல் நனைத்து அவன் நாக்கில் வைத்தாள். அதிகம் படிக்காதவள். நீங்கள் யாரும் சொல்லாததை அவள் சொன்னாள்.

இப்போது நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

தீட்டுக் காக்காத பிள்ளை பங்காளியாகாது என்றீர்கள். பிள்ளை பிறந்தால் பங்காளி வீடெல்லாம் பிறப்புத் தீட்டுக் காப்பது வழக்கம். இவன் பிறந்தபோது யாரும் காக்கவில்லை, ஆகவே இவன் குலத்துக்குள் வரவில்லை என்பது உங்கள் கணக்கு. சபரிமலைக்கு மாலை போட்டுப் போகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்! பந்தளத்து ராஜா பம்பைக் கரையில் கண்டெடுத்து வளர்த்த மணிகண்டன் அல்லவா அங்கே இருப்பது? அந்த அரண்மனையில் சாவு விழுந்தால், அதை ஒட்டிய வலியகோயிக்கல் சாஸ்தா கோயிலை அடைத்துவிடுவார்கள். 2024 ஜனவரியில், மகரவிளக்கு நேரத்திலேயே அப்படி அடைத்தார்கள்; சபரிமலைக்குப் போகும் திருவாபரணப் பெட்டியோடு அரண்மனைப் பிரதிநிதி போகவில்லை. எடுத்து வளர்த்த வீட்டின் தீட்டு இன்றைக்கும் சாஸ்தாவைத் தொடுகிறது. சாமிக்கே ஒட்டிக்கொண்ட உறவு என் பிள்ளைக்கு ஒட்டாதா?

அந்தக் கதையிலேயே, ராணிக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகு, எடுத்த பிள்ளைக்குப் பட்டமா என்று கலகம் மூட்டியவன் மந்திரி. புலிப்பால் வரைக்கும் அதனால்தான் போயிற்று. அந்த மந்திரிக்கு எந்த ஊரிலும் கோயில் இல்லை.

நாம் தூரத்துக்குப் போக வேண்டியதுகூட இல்லை. செங்கோட்டை தாண்டினால் ஆரியங்காவு, அதற்கப்பால் குளத்துப்புழை. குளத்துப்புழையில் சாஸ்தா குழந்தை. அந்தக் குழந்தைச் சாமிக்கு முன்னால் என் மகனை நான் தூக்கிக்கொண்டு நின்றபோது யாரும் எந்த நோட்டையும் பார்க்கவில்லை. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடியடியில் கிடந்த பெண்குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். அவளுக்கு ஆடிப்பூரத்தன்று தேர் இழுக்கப் போகிறோம். பெற்றவள் யார் என்று ஆண்டாளிடம் யாரும் கேட்டதில்லை.

எந்தச் சாதிப் பிள்ளையோ என்றீர்கள். உண்மையில் இதுதான் காரணம், மற்றதெல்லாம் மேல்பூச்சு என்று எனக்குத் தெரியும். எனக்கும் அவன் பிறந்த சாதி தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல்செருப்புக் காணிக்கை செலுத்துகிறோமே, அது யாருக்கு? பிராமணராகப் பிறந்து, அருந்ததியர் வீட்டுப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனார் வீட்டு மாடுகளைக் காக்கப் போய் உயிர்விட்ட முத்துப்பட்டனுக்கு. வில்லுப்பாட்டில் அந்தக் கதையை விடிய விடியக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள், பால் மணம் மாறாத பிள்ளையிடம் சாதி கேட்கிறீர்கள்.

சாஸ்திரத்தில் இடமில்லை என்று ஒரு பெரியவர் சொன்னார். தேடிப் பார்த்தேன். மனு தன் ஒன்பதாம் அத்தியாயத்தில் மகன்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறார். முதல் ஆறு வகையினர் சொத்துக்கும் சுற்றத்துக்கும் உரியவர்கள். தத்துக் கொடுக்கப்பட்டவனும் அந்த ஆறில் இருக்கிறான். பெற்றோர் கைவிட, மற்றொருவர் எடுத்துக்கொண்ட பிள்ளையும் இருக்கிறான். மனு சொன்ன எத்தனையோ விஷயங்கள் எனக்கு ஒப்பாதவை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி என் மகனை வெளியே நிறுத்த முடியாது.

பங்காளிகளைக் கேட்காமல் தத்தெடுத்தது தப்பு என்பது இன்னொரு வருத்தம். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பிருந்தது. ராமநாதபுரம் சமஸ்தானத்துத் தத்து வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1868ல், கணவர் அனுமதி இல்லாத விதவையும் பங்காளிகள் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பானது. 1956ன் இந்து தத்தெடுப்புச் சட்டம் பங்காளி சம்மதம் என்ற பேச்சையே எடுத்துவிட்டது. எங்கள் மகன் வந்தது 2015ன் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி. தத்து ஆணை அமலுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளை, தத்தெடுத்தவர்கள் வயிற்றில் பிறந்தது போலவே எல்லாவற்றுக்கும் அவர்கள் பிள்ளை என்கிறது அந்தச் சட்டம். முன்பு கோர்ட் கொடுத்த ஆணையை 2022 செப்டம்பர் முதல் கலெக்டரே கொடுக்கிறார். பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா என்று எங்கள் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தைக் காட்டி சாமி முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை. நீங்களாக மனமுவந்து கூப்பிட வேண்டும் என்பதுதான் ஆசை.

உங்களில் சிலர் தனியாக வந்து, “எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, ஊரு வாய்க்குத்தான்” என்றீர்கள். கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை? ஒரே ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் கத்தியை எடுத்தவர் உட்கார்ந்திருப்பார்.

அவனுக்கு இன்னும் முடி இறக்கவில்லை. கண்ணில் விழுகிறது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுகிறேன். வேறு கோயிலில் இறக்கலாம், திருச்செந்தூரில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்கிறார்கள். அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் முதல் முடி இறக்கிய இடத்தில்தான் அவனுக்கும் இறக்க வேண்டும். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

மாசி மாதம் வரிக்கூட்டம் போடுவீர்கள். இந்த மடலை அங்கே வாசியுங்கள். சம்மதமென்றால் எங்கள் தலைக்கட்டுக்குக் கீழே அவன் பெயரை எழுதி, முடி இறக்கும் நேரத்தையும் குறித்துச் சொல்லி அனுப்புங்கள்; அண்ணன் லீவு போட வேண்டும். மறுப்பதென்றால் மைனியிடம் சொல்லி அனுப்பாதீர்கள். என்ன காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்பதை அதே நோட்டில் எழுதி, கூடியிருப்பவர்கள் எல்லோரும் கீழே கையெழுத்துப் போடுங்கள். அவன் படிக்கக் கற்றுக்கொண்டதும் கேட்பான், அப்போது நான் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.