கால்வாயைவிடக் கப்பலே முதல் தேவை

பாக் நீரிணையில் ஆழக் கால்வாய் வெட்டும் வாதம் 1860 முதல் ஓயாதிருக்க, அதே கடலில் முன்பு ஓடிய ராமேசுவரம்–தலைமன்னார் பயணிகள் கப்பலை மீட்கும் பணியோ பேச்சளவிலேயே நிற்கிறது.

இரு நிலங்களுக்கிடையே ஒடுங்கி இரு நீர்ப்பரப்புகளை இணைக்கும் கடலே நீரிணை எனப்படும். சென்னை ஆளுநர் ராபர்ட் பாக்கின் பெயரைத் தாங்கிய இந்நீரிணைக்குத் தெற்கே, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுக்கு மணல்திட்டுகள் வரிசையாகக் கிடப்பதால் பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றிச் செல்கின்றன. தோணிகளுக்கோ இக்கடலின் ஆழமின்மை ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. காவிரியின் நீரில் ஒரு பகுதி, கோரையாறு, பாமணியாறு வழியே வண்டலோடு முத்துப்பேட்டையில் இக்கடலையே சேர்கிறது. மணலும் வண்டலும் நகர்ந்தபடியிருக்கும் இத்தகைய கடலில் கால்வாயை ஒருமுறை வெட்டினால் போதாது, தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். 2005-இல் 2,427 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்ட சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் வழக்குகளில் முடங்கியதும், 2022-இல் இங்கு கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டதும் மறக்கத்தக்கவையல்ல.

குறுக்கே கடப்பதற்கே இக்கடல் ஏற்றது என்பதற்கு வரலாறு சான்று. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே, 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலுமாக இணைந்த 'போட் மெயில்' பயணத்தைச் சாத்தியமாக்கியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் ராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பல், 1980-களில் இலங்கையில் மூண்ட இனப்போரால் நின்றது. இன்று போர் இல்லை. தலைமன்னார் ரயில் பாதை 2015-இல் மீண்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரு கரைகளிலும் ரயில் பாதை ஆயத்தமாக இருக்க, இடைக்கடலைக் கடக்கும் கப்பல் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

திருச்சியிலிருந்து விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கையில் இன்னொரு வழி எதற்கு என்பது நியாயமான கேள்வியே. ஆனால் திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இலங்கை சென்று குடியேறிய தோட்டத் தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழருக்கும், ஸ்ரீரங்கத்துக்கும் ராமேசுவரத்துக்கும் வரும் எளிய யாத்திரிகருக்கும் விமானக் கட்டணம் எட்டாதது. நாகைக் கப்பலோ ராமேசுவரம்–தலைமன்னார் வழியைவிட அதிகத் தொலைவைத் திறந்த கடலில் கடக்க வேண்டியுள்ளது.

ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் சேவையை விரைவில் தொடங்க 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் ஒப்புக்கொண்டனர். ஆழம் குறைந்த நீரில் ஓடும் கப்பல், இறங்குதுறை, குடியகல்வுச் சோதனை, திருச்சி வழி ரயில்களோடு இணைந்த ஒரே பயணச்சீட்டு ஆகியவற்றுக்கு நாள் குறித்து, மீனவர் அமைப்புகளைக் கலந்து வழித்தடம் வகுத்து, மத்திய, மாநில அரசுகள் அந்த வாக்கைச் செயலாக்க வேண்டும்.