கன்வர்ட்டரைத் திட்டுவதற்கு முன்

பல வீடுகளில் டிவிடி பிளேயருக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. புதிய லேப்டாப்களில் டிரைவும் வருவதில்லை. ஆனாலும் எங்கள் திருத்தணியில் வீடியோவை டிவிடியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மலைக்கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தியிருப்பார்கள். செல்போனில் எடுத்த அந்த வீடியோ, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலோ புத்தூரிலோ இருக்கும் தாத்தா பாட்டிக்குப் போக வேண்டும். அவர்களுக்கு ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் படம் ஓட வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

என்னிடம் வரும் புகார் அநேகமாக ஒன்றுதான். "படம் வருது சார், பேச்சு பின்னாடி வருது." உடனே இன்னொரு கன்வர்ட்டரை டவுன்லோட் செய்கிறார்கள். அதுவும் சரியில்லை என்றால் மற்றொன்று. கம்ப்யூட்டரில் ஏழெட்டு கன்வர்ட்டர், கூடவே கேட்காமல் வந்து உட்கார்ந்த டூல்பார்கள்! என் கருத்தில் கோளாறு பெரும்பாலும் கன்வர்ட்டரில் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் பைலில் இருக்கிறது.

செல்போன் கேமரா பிரேம்களை ஒரே சீராகப் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் விநாடிக்கு 30 பிரேம் என்பது 24, 20 என்று இறங்கிவிடும். இதை வேரியபிள் பிரேம் ரேட் என்பார்கள். டிவிடியில் இதற்கு இடமில்லை. பால் முறையில் விநாடிக்கு 25, என்டிஎஸ்சி முறையில் 29.97 என்று கட்டாயம். ஏறி இறங்கும் பைலை, சீரானது என்று கன்வர்ட்டர் நினைத்துக்கொண்டால் உதடும் குரலும் பிரிந்துவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுகிறதா? இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். முதல் நிமிடத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் கவலை வேண்டாம். ஆடியோவை அத்தனை மில்லி விநாடி நகர்த்தினால் போதும்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேரில் பைலைத் திறந்து பாருங்கள். பிரேம் ரேட் மோட் என்ற இடத்தில் வேரியபிள் என்று இருந்தால், ஹேண்ட்பிரேக்கில் கொடுத்து கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் தேர்ந்தெடுத்து ஒரு எம்பி4 எடுத்துக்கொள்ளுங்கள். தரத்திற்கான ஆர்எப் எண்ணை 16 போலக் குறைவாக வையுங்கள். எண் குறைந்தால் தரம் கூடும். பிறகு இந்தப் புதிய பைலை டிவிடிஸ்டைலரில் கொடுத்து டிவிடியாக்குங்கள். ஹேண்ட்பிரேக் நேரடியாக டிவிடி தயாரிக்காது.

இந்தியாவில் பால்தானே என்று எல்லோரும் பால் தேர்ந்தெடுக்கிறார்கள். கேம்கார்டர் டேப்புக்கு அது சரி. 30 பிரேம் செல்போன் வீடியோவைப் பாலாக மாற்றினால் விநாடிக்கு 5 பிரேம் காணாமல் போகும். 365 படிகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏறியதெல்லாம் வெட்டி வெட்டி ஓடும். நம் ஊரில் விற்ற பிளேயர்களில் மிகப் பல என்டிஎஸ்சியையும் ஓட்டுபவைதான். செல்போன் வீடியோவுக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன்.

அடுத்து பேராசை. 4.7 ஜிபி டிஸ்க்கில் 3 மணி நேரத்தைத் திணித்தால் விநாடிக்கு சுமார் 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் புஷ்பக் காவடிகள் ஆடிவரும்போது பூக்களுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இரண்டாவது டிஸ்க்கின் விலை ஒரு தேங்காய் அர்ச்சனையைவிடக் குறைவு.

(ஐஎஸ்ஓ பைலைப் பென் டிரைவில் காப்பி செய்ய முடியவில்லையா? அது ஃபேட்32 முறையில் பார்மட் ஆகியிருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை அது ஏற்காது.)

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் தருவது ஒன்று உண்டு. டிவிடி கைக்கு வந்ததும் ஒரிஜினலை அழித்துவிடுகிறார்கள். தாத்தா பேரனுக்குப் பெயர் சொல்லும் காட்சி ஒன்று என்னிடம் வந்தது. குரல் தள்ளிப்போன டிவிடி மட்டும் இருந்தது. போனில் பைல் இல்லை, தாத்தாவும் இல்லை. குரலைத் துண்டு துண்டாக வெட்டி ஓரளவு ஒட்டவைக்க முடிந்தது. போன பிரேம்களை யாரால் கொண்டுவர முடியும்? 1920க்கு 1080 அளவுள்ள படம் பால் டிவிடியில் 720க்கு 576 ஆகிறது. புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஸ்டூடியோக்காரர் எடுத்த கல்யாணத்திற்கும் இதே கதைதான். டிவிடியையும் ஆல்பத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கேமராவில் பதிவான பைல்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்துப் போனால், இடமில்லாமல் அழித்துவிட்டோம் என்று சொல்வார்கள்.