99 போதும்... லேப்டாப் சூடு தணியும்!

மடியில் வைத்தால் தொடை சுடுகிறது. மேஜையில் வைத்தால் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைகிறது. திறந்திருப்பதோ பிரவுசரில் நாலு டேப், ஒரு வேர்டு ஃபைல். இதற்கா இத்தனை சூடு?

'டர்போ பூஸ்ட்' செய்யும் வேலை இது. 2017-ல் வந்த இன்டெல் கோர் ஐ5 8250யு பிராசஸரையே எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால், ஒரு வெப்சைட்டைத் திறந்தாலும் 3.4 வரை எகிறப் பார்க்கும். வேகம் ஏற, வோல்டேஜும் ஏற வேண்டும். அங்கேதான் மின்சாரம் எகிறுகிறது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் மின்செலவு நான்கு மடங்கு. இந்தக் கணக்குப்படி, வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை 10 சதவிகிதம் குறைத்தாலே சுமார் 19 சதவிகிதம் மிச்சம்.

வேகத்தைக் குறைத்தால் 'அண்டர்கிளாக்கிங்', வோல்டேஜை மட்டும் குறைத்தால் 'அண்டர்வோல்டிங்'.

முதலாவதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' திறங்கள். 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' 100 என்றிருக்கும். அதை 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவிகிதம்தானே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போவே அணைந்துவிடும். ஆன்லைன் கிளாஸுக்கும் டைப்பிங்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கேம் ஆடும் பிள்ளைகள்தான் முனகுவார்கள். அவர்களுக்குத் திரும்ப 100 வைத்துக் கொடுத்துவிடலாம். சில லேப்டாப்களில் இந்த வரியே கண்ணில் படாது. தயாரிப்பாளர்களே மறைத்துவிடுகிறார்கள், என்ன கஞ்சத்தனமோ!

அண்டர்வோல்டிங்குக்கு 'த்ராட்டில்ஸ்டாப்' போன்ற புரோகிராம் தேவை. 10, 10 மில்லிவோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அளவு மீறினால் நீலத்திரை வரும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். சிப் கருகிவிடாது, ஆனால், சேவ் செய்யாத பிராஜெக்ட் போயே போச்சு. பரீட்சைக்கு முந்தைய நாள் இந்த விளையாட்டு வேண்டாம்.

பல லேப்டாப்களில் இது பூட்டியும் இருக்கும். வோல்டேஜை ஆட்டிவைத்தே சிப்புக்குள் இருக்கும் ரகசியங்களைத் திருட முடியும் என்று 2019 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 'பிளண்டர்வோல்ட்' என்று அதற்குப் பெயர். அதன் பிறகு பயாஸ் அப்டேட்டில் பூட்டு வந்தது. அதை உடைக்கப் பழைய பயாஸுக்குத் திரும்பாதீர்கள்.

நேற்றுவரை சும்மா இருந்த லேப்டாப் திடீரென்று கொதித்தால், செட்டிங்ஸைத் தேடுவதற்கு முன் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மெத்தைமேல் வைத்துக் காற்று வரும் வழியை மூடியிருக்கிறோமா என்றும்தான்.