பழைய காரை ஷோரூமில் கொடுப்பதா, நேரடியாக விற்பதா? விலையைவிட முக்கியமான ஒரு கேள்வி

புது கார் பார்க்க ஷோரூமுக்குப் போனால், மாடல், கலர் எல்லாம் பேசி முடிப்பதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: “எக்ஸ்சேஞ்ச் இருக்கா சார்?”

இருக்கிறது என்றால், ஒருவர் உங்கள் பழைய காரைச் சுற்றி வந்து பார்ப்பார். நாலு போட்டோ எடுப்பார். ஒரு தொகை சொல்வார். அதே மாடல், அதே வருட கார் ஆன்லைன் விளம்பரங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று போனில் தேடினால், அங்கே பல ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கும். ‘நம்மள ஏமாத்துறாங்களா?’ என்ற சந்தேகம் அப்போதுதான் எட்டிப் பார்க்கும்.

பெரும்பாலும் இது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால், குறைந்த விலைக்குக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

இந்தக் கேள்வி இப்போது ஏன்?

2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜிஎஸ்டி மாறியது. 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு அதுவரை 28% வரியும் 1% செஸ்ஸும் இருந்தன. இப்போது மொத்தமே 18%. அதாவது வரிக்கு முன் 100 ரூபாயாக இருக்கும் கார், முன்பு 129 ரூபாய். இப்போது 118 ரூபாய். சுமார் 8.5% குறைவு.

புது கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். புதுசுக்கும் பழசுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை என்றால், யாரும் பழசை வாங்க மாட்டார்கள். எனவே ‘போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவுக்கு வித்தாரே’ என்ற கணக்கு இப்போது உதவாது. இன்றைய புது கார் விலையிலிருந்துதான் உங்கள் காரின் மதிப்பைத் தொடங்க வேண்டும்.

ஷோரூம் ஏன் குறைவாகத் தருகிறது?

உங்கள் காரை ஷோரூம் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒன்று, தங்களின் பழைய கார் பிரிவில் விற்பார்கள். அல்லது வேறு டீலருக்குக் கைமாற்றிவிடுவார்கள். சர்வீஸ், டென்ட் வேலை, டயர், கார் நிற்கும் நாட்களுக்கான வட்டி, வாரண்டி, எல்லாவற்றுக்கும் மேல் லாபம். இத்தனையும் அந்த இடைவெளியிலிருந்துதான் வர வேண்டும்.

வரியும் உண்டு. 2024 டிசம்பரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரிகள் விற்கும் எல்லா பழைய வாகனங்களுக்கும், அவர்களின் லாப வித்தியாசத்தின் மீது 18% வரி. 4 லட்சத்துக்கு வாங்கி 4.70 லட்சத்துக்கு விற்றால், வித்தியாசமான 70,000 ரூபாய்க்குத்தான் வரி: 12,600 ரூபாய்.

அப்போது சமூக வலைதளங்களில் ‘சொந்த காரை விற்றாலும் ஜிஎஸ்டி’ என்று ஒரு வதந்தி சுற்றியது. அது தவறு. தனிநபர் ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக் காரை இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜிஎஸ்டி இல்லை.

எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு நிஜம்?

எக்ஸ்சேஞ்சில் மூன்று எண்கள் ஒன்றாகக் கலக்கப்படும்: புது காரின் தள்ளுபடி, பழைய காரின் விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ். ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்தால் வெளியே தெரியாது.

ஒரு உதாரணக் கணக்கு. உங்கள் ஹேட்ச்பேக்குக்கு ஷோரூம் தருவது 4 லட்சம், போனஸ் 30,000. மொத்தம் 4.30 லட்சம். நேரடியாக விற்றால் 4.60 லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30,000. வாட்டர் வாஷ், பாலிஷ், சின்னச் சின்ன ரிப்பேர், விளம்பரம் என 8,000 கழித்தால் மிச்சம் 22,000. இரண்டு, மூன்று வார இறுதிகளை இதற்காகச் செலவிட வேண்டும்.

இப்போது ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எக்ஸ்சேஞ்ச் இல்லைன்னா தள்ளுபடி எவ்வளவு?” பழைய கார் கொடுக்காதவருக்கும் 15,000 கூடுதல் தள்ளுபடி உண்டு என்றால், உங்கள் போனஸின் உண்மையான மதிப்பு 15,000தான். வித்தியாசம் 45,000 ஆகிவிடும். செலவு போக 37,000. முடிவே மாறிவிடலாம்.

எனவே முதலில் எக்ஸ்சேஞ்ச் பேச்சே எடுக்காமல் புது காரின் ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு பழைய காரைப் பற்றிப் பேசுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் செய்தால் வரி குறையுமா?

அமெரிக்க யூடியூப் சேனல்களில் ‘டிரேட்-இன் செய்தால் வரி மிச்சம்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். அங்கே பல மாநிலங்களில் கார், டிராவல் டிரெய்லர் போன்றவற்றை மாற்றி வாங்கும்போது, பழைய வண்டியின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விற்பனை வரி. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் அந்தச் சலுகை இல்லை.

இந்தியாவிலும் அந்தச் சலுகை இல்லை. நீங்கள் பழைய காரைக் கொடுத்தாலும், புது காரின் முழு மதிப்புக்கே ஜிஎஸ்டி. வரியைக் காரணம் காட்டி எக்ஸ்சேஞ்சுக்குச் சம்மதிக்க வேண்டியதில்லை.

விற்ற பிறகும் துரத்தும் கார்

இனிதான் முக்கியமான விஷயம்.

2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே ஒரு கார் வெடித்தது. நம்பர் பிளேட்டை வைத்துத் தேடிய போலீஸ், பதிவு யார் பெயரில் இருந்ததோ அவரிடம்தான் முதலில் போனது. அவரோ காரை முன்பே விற்றுவிட்டிருந்தார். அதன் பிறகும் கார் கை மாறியிருந்தது. ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை.

இது அரிதான சம்பவம். ஆனால் விபத்து அரிதானது அல்ல. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2007-ல் ஒருவர் விற்ற கார், அடுத்தடுத்துப் பல கைகளுக்குப் போனது. 2009 மே மாதம் விபத்து. அதுவரை யாருமே ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. இழப்பீடு யார் தருவது? ஆவணத்தில் உரிமையாளராகப் பெயர் இருப்பவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அதாவது, இரண்டு வருடங்களுக்கு முன்பே காரை விற்ற முதல் உரிமையாளர். பாதிக்கப்பட்ட குடும்பம், கார் கைமாறிய வரிசையைத் தேடி அலையக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் நியாயம்.

ஆக, பணம் கைக்கு வந்து, சாவி கைமாறிய அன்று விற்பனை முடிவதில்லை. ஆர்.சி.யில் பெயர் மாறும் அன்றுதான் முடிகிறது. எக்ஸ்சேஞ்சில் குறைந்த விலைக்குச் சம்மதிப்பதற்கு நியாயமான ஒரே காரணமும் இதுதான்: இந்தப் பொறுப்பு உங்கள் தலையிலிருந்து இறங்க வேண்டும்.

ஷோரூமில் கொடுத்தால் பொறுப்பு இறங்கிவிடுமா?

தானாக இறங்காது. பல இடங்களில் படிவம் 29, 30-ல் வாங்குபவர் பெயர், தேதியை நிரப்பாமலே உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அடுத்து வாங்குபவர் கிடைக்கும்வரை கார் உங்கள் பெயரிலேயே இருக்கும். யார் ஓட்டுகிறார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

இதற்காகத்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பரில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை அமலில் உள்ளன. பழைய வாகன டீலர்கள் அதற்கான அங்கீகாரச் சான்று பெற வேண்டும். கார் டீலரிடம் ஒப்படைக்கப்பட்டதை, படிவம் 29-சி மூலம் போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும். அது பதிவானால், அந்த நாளிலிருந்து டீலரே காரின் உரிமையாளராகக் கருதப்படுவார்.

ஷோரூமோ, வீட்டுக்கே வந்து கார் வாங்கும் ஆப் நிறுவனமோ, கேட்க வேண்டியது ஒன்றுதான்: “29-சி போடுவீங்களா?” ஆமாம் என்றால், அந்த ஒப்புகை கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். மழுப்பினால், அவர்கள் தருவது குறைந்த விலை மட்டுமே. பொறுப்பு உங்களிடமேதான் இருக்கும்.

நேரடியாக விற்பவர்கள் செய்ய வேண்டியது

லோன்: பாக்கி இருந்தால் முதலில் அடைத்து, வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குங்கள். இ-சலான் பாக்கியையும் முடித்துவிடுங்கள்.

பெயர் மாற்றம்: ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாட்கள் அவகாசம். வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். வேறு மாநிலத்துக்குப் போகும் கார் என்றால் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (படிவம் 28) தேவை.

டெலிவரி நோட்: தேதி, நேரம், கிலோமீட்டர், வாங்குபவரின் அடையாள அட்டை நகல், இருவர் கையெழுத்து. பெயர் மாறும்வரை இதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். ஆனால் இதுவே பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது.

பணம்: ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம். வங்கிப் பரிமாற்றம்தான் நல்லது. ‘பணம் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்றால் உடனே பேச்சை நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ்: ஓட்டுபவரின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, நீங்களும் காரில் உட்காருங்கள்.

ஃபாஸ்டேக்: கார் போன அன்றே மூடிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களின் டோல் கட்டணம் உங்கள் கணக்கில் கழியும்.

நோ கிளெய்ம் போனஸ்: எந்த வழியில் விற்றாலும் இதை மறக்காதீர்கள். இந்தச் சலுகை காருக்கு அல்ல, உங்களுக்கு உரியது. தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை என்றால், சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50% வரை தள்ளுபடி. காரை விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் புது காருக்குப் பயன்படுத்தலாம்.

அப்போ, எது பெட்டர்?

வாங்குபவர் தெரிந்தவர், லோன் இல்லை, பேப்பர் எல்லாம் சரி, ஆர்டிஓ வேலையைக் கூடவே இருந்து முடிக்க நேரம் இருக்கிறது என்றால், நேரடி விற்பனைதான் லாபம். அதிகம் விற்பனையாகும் சின்ன கார்களுக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும்.

லோன் பாக்கி இருக்கிறது, வேலைக்காக ஊர் மாறுகிறீர்கள், கார் பத்து வயதைத் தாண்டிவிட்டது, ஆள் தேடி அலைய நேரமில்லை என்றால், எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது தப்பில்லை. ஆனால் 29-சி ஒப்புகையோடு.

எந்த வழியாக இருந்தாலும், ஒரு மாதம் கழித்து எம்பரிவாகன் ஆப்பில் அந்தப் பழைய நம்பரைப் போட்டுப் பாருங்கள். டீலரிடம் கொடுத்திருந்தால், ஒப்புகையைக் காரின் அடுத்த உரிமையாளர் பெயர் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். நேரடியாக விற்றும் இன்னும் உங்கள் பெயரே காட்டினால், வாங்கியவருக்குப் போன் போட வேண்டிய நாள் அதுதான்.