மீதி மருந்துக்கு வீட்டில் இடம் வேண்டாம்

திருமழிசை, பூந்தமல்லிப் பக்கத்துச் சிறு விவசாயிகளில் பலரிடம் இன்று இருப்பது அரைக்காணி, ஒரு காணி நிலம்தான். தொழிற்பேட்டைக்கும் வீட்டு மனைகளுக்கும் போக மிஞ்சியது அது. அரைக்காணிக் கத்தரிக்கு வேண்டிய பூச்சி மருந்து கொஞ்சம். கடையில் வாங்குவதோ முழுப் புட்டி. மோட்டார் கொட்டகையில் வைத்தால் களவு போகும் என்று மீதியை வீட்டுப் பரணுக்குக் கொண்டுவந்து விடுகிறோம். இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது நமது கருத்து.

மருந்து குடித்து ஓர் உயிர் போனால், கடன் என்பார்கள், குடி என்பார்கள், குடும்பச் சண்டை என்பார்கள். அவையெல்லாம் மெய்தான். ஆனால் சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரமே நிற்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் விஷம் கைக்கெட்டாமல் போனால் உயிர் நிற்கிறது. அப்படித் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை.

இலங்கையைப் பாருங்கள். 1995 முதல் மிகக் கொடிய மருந்துகளை அங்கே ஒவ்வொன்றாக விலக்கினார்கள். இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் இறங்கியது, விளைச்சல் இறங்கவில்லை. அதே நாட்டில் அநுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கொரு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று 2017-ல் முடிவு வெளியாயிற்று. பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில் என்றால் வேறென்ன நடக்கும்?

நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், சென்னை சிநேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் வேறு வழி கண்டார்கள். இரண்டு ஊர்களில் பொதுக் கிடங்கு அமைத்து, வங்கி லாக்கர் போல விவசாயிகளுக்குப் பெட்டி கொடுத்துப் பொறுப்பாளரையும் வைத்தார்கள். கிடங்கு இல்லாத ஊர்களை விட அங்கே நல்ல பலன் தெரிந்ததாக 2013-ல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். என்றாலும் பெரிய செலவில்லாத காரியம். நம் கூட்டுறவுச் சங்கங்கள் செய்து பார்க்கலாம். விதைக்கும் உரத்துக்கும் சேராத தனி அறை ஒன்று போதும். "மாலையில் தெளிக்கப் போகும்போது கிடங்கு பூட்டியிருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலையும் மாலையும் திறக்க ஆள் இல்லையென்றால் இத்திட்டம் ஒரு வாரம் தாங்காது. சங்க மகாசபையில் இதையே முதலில் கேளுங்கள்.

தமிழக அரசு 2022-23-ல் ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தியது. 1968-ம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்துக்கு இருந்த அதிகாரம் தற்காலிகத் தடைக்கு மட்டுமே. நிரந்தரத் தடைக்கு டில்லியைத்தான் நெருக்க வேண்டும்.

வீட்டில் யாராவது "இனி இருந்து என்ன பயன்" என்று பேசினால், சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 104, 14416 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம். யாரேனும் மருந்து குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.